கிராம சபையில் கேள்வி கேட்டதும் வாய் அடைத்துவிடுகிறது. பேச்சுப் பயிற்சி உதவுமா?

மேல்மலைத் தம்பி:
மன்னவனூர்ப் பக்கம் பூண்டு போடுகிறோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில், காட்டுமாடு புகுந்து பாத்தியை மிதித்த விஷயத்தைப் பேச எழுந்தேன். முதல் இரண்டு வரி நன்றாகத்தான் வந்தது. அதற்குள் வந்திருந்த அதிகாரி, "எந்த சர்வே எண்? எத்தனை சென்ட்? வனத்துறைக்கு மனு கொடுத்தாச்சா?" என்று அடுக்கினார். மண்டை காலி. "அப்புறம் சொல்றேன் சார்" என்று உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் பதில் எல்லாம் வரிசை கட்டி வருகிறது! அடுத்த கூட்டம் அக்டோபர் 2. மதுரையில் ஒரு பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேரச் சொல்கிறான் நண்பன். சட்டென்று யோசித்துப் பேசுவது பழகினால் வருமா?

வத்தலக்குண்டு வக்கீல்:
கண்டிப்பாக வரும் தம்பி. டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்று ஒரு சங்கம் இருக்கிறது. 1924-ல் அமெரிக்காவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கியது. அங்கே 'டேபிள் டாபிக்ஸ்' என்று ஒரு பகுதி. தலைப்பை அந்த நிமிடம்தான் சொல்வார்கள், எழுந்து ஒன்றிரண்டு நிமிடம் பேச வேண்டும். நீ வீட்டிலேயே செய்யலாம். சீட்டில் தலைப்புகளை எழுதிக் குலுக்கு, ஒன்றை எடு, போனில் பதிவு செய்துகொண்டே ஒரு நிமிடம் பேசு. முதல் வாரம் உன் குரலைக் கேட்க உனக்கே பிடிக்காது. பரவாயில்லை, விடாதே.

தாண்டிக்குடி டீச்சர்:
வக்கீல் சார், "நான் பறவையானால்" என்று சீட்டு எடுத்துப் பேசினால் சர்வே எண் வந்துவிடுமா? தம்பிக்கு நாக்கு தடுக்கவில்லை, கையில் விவரம் இல்லை. இதே தம்பி வடுகபட்டி கமிஷன் கடையில் வியாபாரி "பூண்டு ஈரமா இருக்கு" என்று விலையைக் குறைத்தால் ஒரு நொடி தாமதிப்பாரா? என்றைக்குப் பிடுங்கியது, எத்தனை நாள் காய்ந்தது, முந்தின சந்தையில் என்ன விலை என்று பொரிந்து தள்ளுவார். அங்கே யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை.

இன்னொன்று. பத்து மொழிகளில் சாதாரண உரையாடலை அளந்து 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு இடையே சராசரியாக 200 மில்லி நொடிதான். ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே சுமார் 600 மில்லி நொடி ஆகிறது. அப்படியென்றால் எதிரில் இருப்பவர் பேசும்போதே நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம். என்ன கேட்கப்போகிறார் என்று ஊகிக்க முடிந்தால்தான் அது நடக்கும். தம்பி அந்த மூன்று கேள்விகளையும் எதிர்பார்க்கவே இல்லை.

வத்தலக்குண்டு வக்கீல்:
டீச்சரம்மா, கமிஷன் கடையும் மைக்கும் ஒன்றா? ஊரே பார்க்கும்போது தெரிந்த எண்ணும் மறந்துபோகும். காந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் சட்டம் படித்து வந்தவர். பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார், ஒரு கேள்விகூட வரவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டு வெளியேறினார். அவருக்கா விவரம் இல்லை?

தாண்டிக்குடி டீச்சர்:
அதே காந்தி 1893-ல் பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகள் கூட்டத்தில் பேசினாரே. அதையே தன் முதல் மேடைப் பேச்சு என்று சொல்லலாம் என்கிறார். சொல்லிவிட்டு, பேச வேண்டிய பொருளை ஓரளவு தயார் செய்துகொண்டுதான் போனேன் என்றும் எழுதியிருக்கிறார். வியாபாரத்தில் உண்மை பற்றிய பேச்சு அது, அவர் நெஞ்சுக்கு நெருக்கமான விஷயம். இடையில் அவர் எந்த வகுப்புக்கும் போகவில்லை.

பள்ளிகளில் நாங்கள் செய்கிற கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பேச்சுப் போட்டிக்கு அப்பா எழுதித் தருவார், பிள்ளை மனப்பாடம் செய்து "அவையோருக்கு வணக்கம்" என்று கையை வீசி முழங்கும். கோப்பையும் வாங்கும். இறங்கி வந்ததும் பேசியதிலிருந்தே ஒரு கேள்வி கேளுங்கள், திருதிருவென்று விழிக்கும். இந்தப் பயிற்சி வகுப்புகளில் பாதி அந்த ரகம்தான்.

பூம்பாறை அக்கா:
மகளிர் குழுவில் முதன்முதலாகக் கணக்கு வாசித்தபோது எனக்கு உடம்பே ஆடியது. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டால், "நீ நடுங்கினாயா? தெரியவே இல்லையே" என்கிறார். 2003-ல் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள் என்று என் மகள் காட்டினாள். "உங்கள் படபடப்பு நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது" என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்களாம். தம்பி, நீங்கள் உட்கார்ந்ததை ஊரில் யாரும் இன்னேரம் நினைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அவரவர் தெருக்குழாய் அவரவர் கவலை.

மேல்மலைத் தம்பி:
அது கொஞ்சம் ஆறுதல் அக்கா. டீச்சர் சொல்கிறபடி சிட்டா, அடங்கல், சேதத்தின் போட்டோ, மனு நகல் எல்லாம் எடுத்துவிடுகிறேன். காகிதத்தைப் பார்த்து வாசிக்கலாமா?

வத்தலக்குண்டு வக்கீல்:
வாசித்தால் கூட்டம் கவனிக்காது. எண்களை மட்டும் பார், மற்றதை முகத்தைப் பார்த்துச் சொல்.

தாண்டிக்குடி டீச்சர்:
தாராளமாக வாசியுங்கள். கிராம சபையில் கைதட்டல் முக்கியமில்லை, தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். பேசி முடித்ததும் "இதைத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள்" என்று கேளுங்கள். கேள்வி வந்தால் அதையே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்: "சர்வே எண்தானே கேட்கிறீர்கள் சார்?" அந்த இடைவெளி போதும்.

வத்தலக்குண்டு வக்கீல்:
அந்தத் திருப்பிச் சொல்வதைக்கூட வாய்விட்டுப் பழகாமல் மேடையில் செய்ய முடியாது, அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். சரி, பறவை வேண்டாம், காட்டுமாட்டையே எடுத்துக்கொள்வோம். தம்பி, நான்தான் அதிகாரி. "பாதை ஓரத்துப் பாத்தியில் வேலி போடாமல் விட்டது உங்கள் தவறுதானே?" சொல்.

பூம்பாறை அக்கா:
நான் கூட்டத்தில் இருக்கிற பக்கத்துத் தோட்டக்காரி. "போன வருஷம் எங்கள் பாத்தி போனபோது நீ ஏன் வாயே திறக்கலை?"

மேல்மலைத் தம்பி:
வேலியைத்தானே கேட்கிறீர்கள் சார்? கம்பிவேலி இருக்கிறது, சாய்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தது. சாய்ந்த கம்பத்தின் போட்டோ மனுவோடு இருக்கிறது. அக்கா, போன வருஷச் சேதத்தையும் இதே தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன், நீங்களும் எழுந்து நில்லுங்கள்.

தாண்டிக்குடி டீச்சர்:
அருமை. இதை எழுத எவ்வளவு நேரம் ஆனது?

மேல்மலைத் தம்பி:
முக்கால் மணி நேரம் டீச்சர்.

வத்தலக்குண்டு வக்கீல்:
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் போடு. இதே கேள்வியை வேறு மாதிரி கேட்கிறேன், எழுதாமல் சொல்.