பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் மாற்றிய பிறகு பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது, உதவுங்கள்

நண்பர்களே, என்னுடையது டீசல் பிக்அப். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் கிடையாது. லோடோடு இறக்கத்தில் வரும்போது பெடல் மேல் ஏறி நின்றால்தான் வண்டி நிற்கும் என்ற நிலை. அதனால் போன வாரம் நானே உட்கார்ந்து, இதே வண்டியின் பெரிய மாடலுக்கு வரும் இரட்டை டயாபிரம் பூஸ்டரை (வேக்குவம், அதாவது வெற்றிடத்தின் உதவியால் கால் பலத்தைக் கூட்டும் டப்பா) போட்டு, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் 7/8 அங்குல மாஸ்டர் சிலிண்டரையும் கழற்றிவிட்டு 1 அங்குல போர் (உள்விட்டம்) உள்ளதை மாட்டினேன். போல்ட் ஓட்டையெல்லாம் அப்படியே பொருந்தியது. நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தாயிற்று, பிரேக் ஆயிலும் புதுசு, டாட் 4 ரகம்.

முதல் நாள் அருமை, பெடல் மேலேயே பிடித்தது. இரண்டாம் நாள் 10 கிலோமீட்டர் போனதும் யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுக்கிற மாதிரி வண்டி திணறியது. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரம் இரண்டிலும் கருகல் வாசனை, பக்கத்தில் கை வைக்க முடியவில்லை, பெடல் கல்லாக இருக்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி உருண்டது. டிஸ்க்கைப் பேடுகளால் கவ்வும் காலிப்பர் போய்விட்டதா?

பதில் 1
காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் துருப்பிடித்திருக்கும். கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்துப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

பதில் 2
துரு பிடிக்கிற காலிப்பர் ஒரு பக்கம்தான் முதலில் படுத்தும். இரண்டும் ஒரே நாளில், அதுவும் மாஸ்டர் மாற்றிய மறுநாளே என்றால் காலிப்பரைத் தொடவே வேண்டாம். பூஸ்டரின் மூக்கிலிருந்து வெளியே நீண்டு மாஸ்டரின் பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடை அளந்தீர்களா? "போல்ட் பொருந்தியது" என்று எழுதியிருக்கிறீர்கள், ராடைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாஸ்டர் சிலிண்டருக்குள் பிரேக் ஆயில் டேங்கிலிருந்து இறங்கும் ஊசித்துளை ஒன்று உண்டு. காலை எடுத்ததும் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்தால்தான் அந்தத் துளை திறக்கும், லைனில் சூடாகி விரிந்த ஆயில் அதன் வழியாகத்தான் டேங்குக்குத் திரும்பும். ராட் ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் பிஸ்டன் கொஞ்சம் முன்னாலேயே நிற்கும், துளை மூடியே இருக்கும். ஆயில் சூடாகும், விரியும், போக வழியில்லாமல் பேடைத் தள்ளும், பேட் உரசி இன்னும் சூடாகும். முதல் நாள் அவ்வளவு சூடேறியிருக்காது, தப்பித்தீர்கள்.

அடுத்த முறை பிடித்துக்கொண்டால் முதலில் இஞ்சினை நிறுத்தி, பெடலைப் பலமுறை மிதித்து வேக்குவத்தைத் தீர்த்துவிட்டுப் பெடலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சமாவது காலியாட்டம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பெடல் பக்கத்து ராடே பூஸ்டரை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. அங்கே சரியாக இருந்தால், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து ஜாக்கி வைத்து, மாஸ்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் நட்டுகளை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் குற்றவாளி ராட். விடுபடாவிட்டால் மாஸ்டரில் லைனைத் தளர்த்துங்கள். அப்போது விட்டால் கோளாறு மாஸ்டருக்குள், அப்போதும் விடவில்லையென்றால்தான் ஹோஸ், காலிப்பர் பக்கம் போக வேண்டும்.

கேள்வி கேட்டவர்
அண்ணா, நீங்கள் சொன்னதுதான்! பெடலில் ஆட்டம் இருந்தது. நட்டைத் தளர்த்தினேன், இரண்டாவது சுற்றில் லேசாக ஒரு "டக்", அப்புறம் சக்கரம் ஒரு விரலால் சுற்றுகிறது. ராட் எவ்வளவு நீளம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 2
பிஸ்டன் குழிக்குள் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு சின்ன உருண்டையாக வையுங்கள். மாஸ்டருக்கும் பூஸ்டருக்கும் நடுவில் 3 மி.மீ. வாஷர் கொடுத்து இறுக்கிக் கழற்றுங்கள். வாஷர் இல்லாமல் அளந்தால் களிமண் நசுங்கிப் போயிருக்கும், எவ்வளவு அதிகம் என்று தெரியாது. மிஞ்சிய களிமண் கனத்திலிருந்து 3-ஐக் கழியுங்கள். 0.5 முதல் 1 மி.மீ. வரை இடைவெளி இருந்தால் பெரும்பாலும் சரி, ஆனாலும் உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதே கடைசி வார்த்தை. பூஸ்டருக்குள் வேக்குவம் இருக்கும்போது அளக்கச் சொல்கிற கையேடுகளும் உண்டு. ராடை உருவி வெளியே எடுக்காதீர்கள், சில பூஸ்டரில் உள்ளே இருக்கும் ரப்பர் வட்டு விழுந்துவிடும், பிறகு வேலை இரட்டிப்பு.

கேள்வி கேட்டவர்
களிமண் 1.8 மி.மீ. நின்றது. அதாவது ராட் 1.2 மி.மீ. அதிகம்! 2 மி.மீ. உள்ளே திருகினேன், இடைவெளி 0.8. 40 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன், சக்கரம் வெதுவெதுப்போடு சரி. ஆனால் பெடல் இன்னும் கடினமாகத்தான் தெரிகிறது, பெரிய சிலிண்டர் என்றால் பிரேக் கூடத்தானே வேண்டும்?

பதில் 3
பலரும் இப்படி நினைத்துத்தான் போர் மாற்றுகிறார்கள், உண்மை நேர் எதிர். 7/8-ஐயும் 1-ஐயும் வர்க்கம் பண்ணிப் பாருங்கள், பரப்பு 49-க்கு 64. அதே கால் பலத்துக்கு அழுத்தம் 23 சதவீதம் குறைகிறது. பெடல் மேலே பிடிப்பதற்குக் காரணம் ஒரே மிதியில் அதிக ஆயில் தள்ளுவதுதான். நீங்கள் பெற்ற நல்லதெல்லாம் பூஸ்டர் கொடுத்தது, அதில் பாதியைச் சிலிண்டர் தின்றுவிட்டது. இறக்கத்தில் இஞ்சின் அணைந்தால் பூஸ்டரில் ஓரிரு மிதிக்குத்தான் வேக்குவம் மிச்சமிருக்கும், அப்புறம் 1 அங்குலத்தை வெறுங்காலால் தள்ள வேண்டும். என்னைக் கேட்டால் புது பூஸ்டர் இருக்கட்டும், 7/8 திரும்பட்டும்.

பழைய பூஸ்டரைச் சோதித்தீர்களா? இஞ்சினை நிறுத்தி, கடினமாகும் வரை மிதித்து, காலை அழுத்தி வைத்தபடி ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். டீசலில் வேக்குவம் தனிப் பம்பிலிருந்து வருகிறது. ஹோஸில் கீறல் இருந்தால் எந்தப் பூஸ்டரும் அரைப் பலம்தான்.

கேள்வி கேட்டவர்
வெட்கமாக இருக்கிறது. பம்பிலிருந்து வரும் ஹோஸ் வளைவில் நகம் நுழைகிற அளவு வெடிப்பு, கிளாம்ப்புக்கு அடியில் ஒளிந்திருந்தது. ஹோஸ் மாற்றினேன், இப்போது ஸ்டார்ட் செய்தால் பெடல் இறங்குகிறது. முன் பேடுகள் மட்டும் கண்ணாடியாகப் பளபளக்கின்றன, அவை குப்பைக்கு. 7/8 திரும்ப மாட்டும்போது ராடை மறுபடி அளக்கணுமா?

பதில் 2
ஆமாம் தம்பி. பிஸ்டன் குழி ஆழம் சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். களிமண்ணைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெந்த ஆயிலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.