கெரட்டோகோனஸுக்குப் பார்வைப் பயிற்சி செய்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். என் தம்பிக்கு 23 வயது. இரண்டு கண்ணிலும் கெரட்டோகோனஸ்; கருவிழி மெலிந்து கூம்பு போலப் புடைத்துவிட்டது. போன வருடம் ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டிச் செய்யும் கிராஸ் லிங்கிங் முடிந்தது. அது நோய் முற்றாமல் தடுக்கத்தான். ஸ்கிளீரல் லென்ஸ் (கண்ணின் வெள்ளைப் பகுதி மேல் உட்காரும் பெரிய காண்டாக்ட் லென்ஸ்) போட்டால் எழுத்து தெரிகிறது. ஆனால் இரவில் எதிரே வரும் விளக்கு ஒவ்வொன்றும் நாலைந்தாகச் சிதறித் தெரிகிறதாம். பைக் சாவியை அவனே அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

திரையில் மங்கலான கோடுகளைக் காட்டி மூளையைப் பழக்கும் பயிற்சி பற்றிக் கேள்விப்பட்டோம். கருவிழியின் வடிவத்தை அது மாற்றாது, புரிகிறது. சோம்பேறிக் கண்ணுக்கு, அதாவது மூளை ஒரு கண்ணின் பார்வையைச் சரியாகப் பயன்படுத்தாத குறைக்கு, தருவார்கள், சரி. கருவிழி நோய் உள்ள பெரியவர்கள் யாராவது செய்திருக்கிறீர்களா? எத்தனை வாரம்? லென்ஸ் போட்டுக்கொண்டா, போடாமலா? நிறுத்திய அப்புறம் பலன் நீடித்ததா? மதுரைப் பக்கம் இது தெரிந்த ஆப்டோமெட்ரிஸ்ட் இருந்தாலும் சொல்லுங்கள்.