வேலையை விடாமல் கிளினிக்கல் பார்மசி மேற்படிப்பு: கரஸில் (தபால் வழியில்) படித்தால் செல்லுமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர் (கேள்வி)

வணக்கம். பாலக்காடு பக்கம் 150 படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட் வேலை. படிப்பு பி.பார்ம், பதிவு கேரளா பார்மசி கவுன்சிலில். மருந்து எடுத்துக் கொடுப்பதோடு நிற்காமல் வார்டுக்குப் போய், டோஸ், மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவது, சிறுநீரக நிலை எல்லாம் பார்த்து டாக்டரிடம் பேசுகிற அளவுக்குத் தேற வேண்டும். வேலையை விட முடியாது, ஷிப்ட் மாறி மாறி வரும்.

கரஸில் எம்.பார்ம் உண்டு என்று கோவையில் ஒரு ஏஜென்சி சொல்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் டிப்ளமோக்களும் கண்ணில் படுகின்றன. இதில் எது செல்லும்? செல்லாவிட்டாலும் எது உண்மையிலேயே வார்டு வேலைக்கு உதவும்? நாளை எல்லை தாண்டி கோவையில் வேலை கிடைத்தால் பதிவு என்ன ஆகும்?

மீனாட்சிபுரத்திலிருந்து ஒருவர் (பதில்)

அந்த ஏஜென்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீங்க. யூஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு தொலைநிலை, ஆன்லைன் கல்வி விதிமுறைகளில் இந்த வழியில் நடத்தவே கூடாத படிப்புகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், பிசியோதெரபியோடு பார்மசியும் அதில் உண்டு. ஆகவே இந்தியாவில் கரஸ் எம்.பார்ம் என்று யார் விற்றாலும் கவுன்சிலில் அதைக் கூடுதல் தகுதியாக ஏற்ற முடியாது.

சட்டப்படி செல்லுகிற வழிகள் இரண்டும் ரெகுலர்தான். ஒன்று, எம்.பார்ம் பார்மசி பிராக்டிஸ்: இரண்டு வருஷம், நான்கு செமஸ்டர், ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை. இன்னொன்று பி.பார்முக்கு மேல் மூன்று வருஷ பார்ம்.டி (டாக்டர் ஆஃப் பார்மசி). அதன் கடைசி வருஷம் முழுக்க ஆஸ்பத்திரிதான்: ஆறு மாதம் பொது மருத்துவம், பிறகு வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். ஷிப்ட் வேலையோடு இவை ஒத்துவராது. "வருகைப் பதிவை நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்கிற கல்லூரியிலும் சேராதீங்க. பெயருக்குப் பின்னால் பட்டம் வரும், வார்டில் நின்றால் வாய் வராது.

வெளிநாட்டுப் பட்டம்: யூஜிசி 2025இல் வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தகுதி தரும் விதிமுறை கொண்டுவந்தது. பார்மசி மாதிரி தனிக் கவுன்சில் உள்ள படிப்புகள் அதற்குள் வராது. எனவே பதவி உயர்வுக்கு, கல்லூரி ஆசிரியர் வேலைக்கு என்று நினைத்து அதில் சேர்ந்தால் ஏமாற்றம்தான். அறிவுக்காகவும் செய்முறைக்காகவும் என்றால் அது வேறு கணக்கு. அதை மற்றவர்கள் சொல்வார்கள்.

பதிவு விஷயம். 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி பதிவேடு மாநில வாரியானது. கோவையில் வேலை என்றால் தமிழ்நாடு கவுன்சிலுக்கு மாற வேண்டும். கேரளா கவுன்சிலில் தடையில்லாச் சான்று வாங்கும் வேலையை, ஆர்டர் கைக்கு வந்த பிறகு தொடங்காமல் பேச்சு உறுதியாகும்போதே தொடங்குங்க. கேரளாப் பதிவின் புதுப்பித்தல் விட்டுப்போயிருந்தால் முதலில் அதைச் சரி செய்யச் சொல்வார்கள்.

கூட வேலை செய்கிற டி.பார்ம் (டிப்ளமோ) ஆட்களுக்கும் ஒரு வழி உண்டு. 2014 விதிமுறைப்படி பி.பார்ம் பிராக்டிஸ் என்ற இரண்டு வருஷப் படிப்பு, நான்கு வருஷப் பணி அனுபவம் உள்ளவர்களுக்கானது. அதுவும் கரஸ் இல்லை.

கூடலூர்

வெளிநாட்டுத் தொலைநிலைப் படிப்பைப் பற்றி நான் எழுதுகிறேன். பிரிட்டன் முறையில் சான்றிதழ் 60 கிரெடிட், டிப்ளமோ 120, எம்.எஸ்சி 180. ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு. சான்றிதழுக்கு மட்டும் 600 மணி. 40 வாரத்துக்கு வகுத்தால் வாரம் 15 மணி. நைட் ஷிப்ட் வாரத்தில் இது நடக்காது, அடுத்த வாரம் 30 ஆகிவிடும். பாதியில் நிற்பவர்கள் பலரும் நிற்பது இந்த இடத்தில்தான். 180க்கு ஒரேயடியாகப் பணம் கட்டாமல், 60இல் சான்றிதழோடு வெளியேற வழி இருக்கிற படிப்பாகப் பாருங்க.

சேர்வதற்கு முன் மின்னஞ்சலில் எழுத்தாகக் கேட்டு வாங்க வேண்டியவை சில. பிரிட்டன் பதிவு இல்லாத பார்மசிஸ்டைச் சேர்ப்பார்களா? பலர் சேர்ப்பதில்லை. பணியிட மேற்பார்வையாளர் பார்மசிஸ்டாகவே இருக்க வேண்டுமா, டாக்டர் போதுமா? நேரடித் தேர்வுக்கு அங்கே போகணுமா? கேஸ் எழுத நம்ம ஊர் வழிகாட்டுதல்களைப் பயன்படுத்தலாமா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் அதுதான் மதிப்பெண்ணைத் தின்னும். பாடமெல்லாம் பிரிட்டன் மருந்துக் கையேட்டை வைத்து இருக்கும். எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ், பாம்புக்கடி எதுவும் அங்கே முக்கியப் பாடமில்லை. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலுக்கு வாரம் ஒருமுறை 200 மி.கி. டாக்சிசைக்ளின் தடுப்பு மருந்தாகத் தருவது கேரளாவில் எல்லோருக்கும் தெரிந்தது. அங்கே திருத்துகிறவருக்கு அதை ஆதாரத்தோடு விளக்க வேண்டி வரும்.

பிரிஸ்கிரைபிங் (மருந்து எழுதிக் கொடுப்பது) சேர்ந்த படிப்பை விட்டுவிடுங்க. அதில் மருந்து எழுதும் உரிமை பெற்ற ஒருவரின் கீழ் 90 மணி நேரப் பயிற்சியும் அந்நாட்டுப் பதிவும் வேணும். இங்கே பார்மசிஸ்டுக்கு அந்த உரிமையே இல்லை.

இன்னொரு வழி அமெரிக்க போர்டு சான்று, பார்மகோதெரபி (மருந்துச் சிகிச்சை) பிரிவு. பட்டம் இல்லை, தேர்வு. நடப்பில் உள்ள உரிமமும், வேலை நேரத்தில் குறைந்தது பாதியாவது அந்தத் துறைப் பணியில் கழிந்த மூன்று வருஷ அனுபவமும் கேட்பார்கள். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். வீட்டிலிருந்தே தயாராகலாம். ஆனால் கவுன்டரில் நின்ற வருஷங்களை வார்டு அனுபவம் என்று காட்ட முடியாது.

களியக்காவிளை

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் வரிசையை மாற்றணும் என்பது என் உறுதியான எண்ணம். முதலில் வார்டு, பிறகு படிப்பு. தொலைநிலைப் படிப்பில் வரும் எல்லாப் பயிற்சியும் "உங்கள் நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்" என்றுதான் தொடங்கும். நோயாளியின் கேஸ் ஷீட்டைத் தொட அனுமதி இல்லாதவர் என்ன எழுதுவார்? புத்தகத்தைப் பார்த்துக் கற்பனைக் கேஸ் எழுதுவார், தேறியும் விடுவார், கை மட்டும் பழகாது.

நிர்வாகத்திடம் கேட்கும்போது "நான் படிக்கணும்" என்று கேட்காதீங்க. ஆஸ்பத்திரி என்ஏபிஹெச் (ஆஸ்பத்திரிகளின் தரத்துக்கான தேசிய வாரியம்) அங்கீகாரத்துக்கு முயற்சி செய்கிறதா பாருங்க. அந்தத் தரவிதிகளில் மருந்து மேலாண்மைக்குத் தனி அத்தியாயமே உண்டு. மருந்துப் பிழை, பக்கவிளைவு எல்லாவற்றுக்கும் பதிவு காட்டணும். அந்தப் பதிவை நான் பராமரிக்கிறேன், தினம் ஒரு மணி நேரம் ஒரே ஒரு வார்டு கொடுங்க என்று கேளுங்க. பொது மருத்துவ வார்டு போதும், ஐசியு வேண்டாம்.

அந்த ஒரு மணியில் புதிதாகச் சேர்ந்த நான்கைந்து பேரை மட்டும் பாருங்க. முதல் வேலை, வீட்டில் சாப்பிட்டுவந்த மருந்துகளைப் பையோடு வாங்கிப் பார்ப்பது. நம்ம எல்லையில் இதற்குத் தனி அவசியம் இருக்கிறது. கோவை டாக்டர் ஒரு பிராண்டில் டெல்மிசார்டன் என்ற ரத்த அழுத்த மருந்தை எழுதியிருப்பார், பாலக்காட்டு டாக்டர் வேறு பிராண்டில் அதையே எழுதியிருப்பார், நோயாளி இரண்டையும் விழுங்குவார். கஷாயம், அரிஷ்டம் பற்றியும் கேளுங்க. அது மருந்துக் கணக்கில் வராது என்று நினைத்து யாரும் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். அதிமதுரம் சேர்ந்த கஷாயத்தை நெடுநாள் குடிப்பவருக்கு சிறுநீரை வெளியேற்றும் ப்யூரோசமைடும் ஓடினால் பொட்டாசியம் இறங்கும். கூடவே இதய மருந்தான டிகாக்சின் இருந்தால் ஆபத்து.

அடுத்தது சிறுநீரகக் கணக்கு. 68 வயதுப் பெண், எடை 48 கிலோ, கிரியாட்டினின் 1.6, காலில் ரத்தக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்க. ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்சபாரின் ஊசி 60 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதியிருக்கு. லேப் ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) சுமார் 35 என்று அச்சாகி வரும், பார்த்தால் பயமில்லை. காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் (கிரியாட்டினின் கிளியரன்ஸ் கணக்கு) போடுங்க: 140இல் 68 போனால் 72, அதை 48ஆல் பெருக்கி, 72 பெருக்கல் 1.6ஆல் வகுத்தால் 30. பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க 25.5. இந்த மருந்தின் டோஸைக் குறைக்கும் எல்லைக்கோடு 30. லேப் எண் 1.73 சதுர மீட்டர் உடம்புக்குச் சரிக்கட்டியது, மெலிந்த பாட்டிக்கு அது கூடுதலாகக் காட்டும். 30க்குக் கீழே கிலோவுக்கு 1 மி.கி. நாளுக்கு ஒரே முறைதான். அதாவது 48, கிட்டத்தட்ட 50 மி.கி.: 60 மி.கி. (0.6 மி.லி.) சிரிஞ்சில் 0.1 மி.லி. வெளியேற்றிவிட்டு 0.5 மி.லி. போடணும். எழுதியிருந்ததோ நாளுக்கு 120 மி.கி.

இந்தக் கணக்கு தவறும் இடம் இரண்டு. கிரியாட்டினின் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தால் சூத்திரம் பொய் சொல்லும். எடை கேஸ் ஷீட்டில் இல்லாமலே இருக்கும், அல்லது கண்மதிப்பில் எழுதியிருக்கும். வார்டில் ஒரு எடை மெஷின் நிரந்தரமாக இருக்க ஏற்பாடு செய்வதுதான் உங்கள் முதல் கிளினிக்கல் சாதனையாக இருக்கும்.

கொழிஞ்சாம்பாறை

மிக்க நன்றி. டாக்டர்கள் "கவுன்டரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டால்? மேற்பார்வைக்கு யாரைக் கேட்பது? எங்களிடம் பார்ம்.டி ஆள் இல்லை.

கூடலூர்

மெடிசின் கன்சல்டன்டில் ஒருவர் போதும். "என்னை மேற்பார்வை பாருங்க" என்று மொட்டையாகக் கேட்காமல், மாதம் இரண்டு கேஸ், ஒவ்வொன்றும் 20 நிமிஷம் என்று கேளுங்க. அதைக் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கிய பிறகு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பியுங்க.

டாக்டரிடம் போகும்போது குறை சொல்லும் தொனி வேண்டாம், நோயாளி முன்னாலும் வேண்டாம். நாலு வரிக் குறிப்பு: கண்டது, அதனால் வரக்கூடிய ஆபத்து, யோசனை, கண்காணிக்க வேண்டியது. மேலே சொன்ன பாட்டிக்கு: "கிரியாட்டினின் கிளியரன்ஸ் 25. இதே டோஸில் ரத்தக்கசிவு வாய்ப்பு. 50 மி.கி. நாளுக்கு ஒருமுறை பரிசீலிக்கவும். ஹீமோகுளோபின், பிளேட்லெட், கிரியாட்டினின் பார்க்கவும்." ஏற்றாரா இல்லையா என்பதையும் தேதியோடு குறித்து வையுங்க. பிசிஎன்இ என்ற ஐரோப்பிய மருந்துப் பராமரிப்பு அமைப்பின் வகைப்பாட்டில் பிரச்சினை, காரணம், தலையீடு, ஏற்பு, முடிவு என்று இதே அமைப்புதான். ஆரம்பத்திலிருந்தே அந்தப் பத்திகளில் எழுதினால் பின்னால் போர்ட்ஃபோலியோவுக்கு அப்படியே எடுக்கலாம்.

களியக்காவிளை

பக்கவிளைவு அறிக்கையையும் சேர்த்துக்கோங்க. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் படிவத்தில் நோயாளி விவரம், விளைவு, சந்தேக மருந்து, அறிவிப்பவர் ஆகிய நாலும் இருந்தாலே அறிக்கை செல்லும். விளைவுக்கு மருந்துதான் காரணமா என்று பார்க்கும் நரான்ஜோ அளவுகோலில் பத்துக் கேள்வி; மதிப்பெண் 9ம் அதற்கு மேலும் என்றால் உறுதி, 5 முதல் 8 வரை பெரும்பாலும், 1 முதல் 4 வரை இருக்கலாம்.

பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் கேஸில் பெயர், ஐபி (உள்நோயாளி) நம்பர், ஊர், சேர்ந்த தேதி எதுவும் போகக்கூடாது. லேப் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து ஒட்டாமல் எண்களை மட்டும் தட்டச்சு செய்யுங்க. மேல் மூலையில் பார்கோடுக்குக் கீழே பொடி எழுத்தில் பேர் இருக்கும், பலர் அதைத்தான் மறைக்காமல் விடுவார்கள்.