கடலோரக் கண்காணிப்பு: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் அந்த ஒரு நாளைப் பகிருங்கள்

கழிமுகவாசி, எண்ணூர்:

காக்கா ஆழி என்ற கருத்த சிறு சிப்பியைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு சிறு தன்னார்வக் குழுவோடு ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணிக்கு நீரளவை எடுத்துவந்தேன். வெப்பநிலை, உப்புத்தன்மை, கலங்கல் எல்லாம் எழுதி முடித்தபின், படிவத்தின் கடைசி வரியில் 'மட்டி, ஆழி வகைகள்: உள்ளன / இல்லை' என்று ஒரு கட்டம் இருக்கும். சேற்றில் ஓடுடைய உயிர்கள் இருந்தால் ஆறு இன்னும் பிழைத்திருக்கிறது என்று பொருள் என எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஏழு மாதங்கள் நான் 'உள்ளன' என்றே குறியிட்டேன், அதுவும் மகிழ்ச்சியோடு.

ஒரு நாள் கடல்நீர் இறங்கும் வற்றத்தின்போது எங்களுக்குப் படகு ஓட்டும் பெரியவர் கழியை ஊன்றிப் படகை நிறுத்திவிட்டு, "கையை உள்ளே விட்டுப் பாரும்மா" என்றார். விட்டேன். விரல் சேற்றுக்குள் இறங்கவே இல்லை. கயிற்றுப் பாய் ஒன்றை நீருக்கடியில் விரித்து வைத்ததுபோல் இருந்தது. அவரே குனிந்து ஒரு துண்டைப் பிய்த்தெடுத்தார். கருத்த சிறு ஓடுகள் நூல் நூலாக ஒன்றோடொன்று பின்னிக் கிடக்க, அடியில் அழுகிய சேறு நாறியது. "எறா பொதைஞ்சு படுக்க எடமே இல்லை. நீ அங்க என்னம்மா எழுதுற?" என்று கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நானே வாசித்துக் காட்டினேன்: "உள்ளன." அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு கழியை எடுத்துவிட்டார். தென்னமெரிக்கக் கரைகளிலிருந்து வந்து, இறாலின் படுக்கையையும் உள்ளூர் மஞ்சள் மட்டியின் இடத்தையும் பிடித்துக்கொண்ட ஓர் அந்நிய உயிரினத்தை ஏழு மாதங்களாக ஆற்றின் நலத்துக்குச் சான்றாக எழுதியிருக்கிறேன் என்பதைவிட, அந்த ஏழு மாதங்களும் அதே படகில் இருந்த மனிதரிடம் நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதே என்னை உறுத்துகிறது.

இரவுநடை, நீலாங்கரை:

உங்கள் பிழையையாவது திருத்திக்கொள்ளலாம். என்னுடையது போனது போனதுதான்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் என்ற கடலாமைகள் இறந்து ஒதுங்கியதை எல்லாரும் அறிவீர்கள். முட்டையிட வரும் ஆமைகளைத் தேடி இரவில் நடக்கும் நாங்கள், அந்த மாதம் பெரும்பாலும் சடலங்களையே எண்ணினோம். ஒரே ஆமையை மறுநாள் வருபவர்கள் மீண்டும் எண்ணிவிடாதபடி ஓட்டின்மேல் வண்ணம் பூசிவிட்டு, நீளத்தையும் இடத்தையும் எழுதிக்கொண்டு நகர்வோம். கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்த ஒன்றின் அருகில் நான் குனிந்திருந்தபோது, நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர், "எல்லாம் இந்த மீனவர்கள் செய்கிற வேலை" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனார். சற்றுத் தள்ளி வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்து அவரிடம் ஒன்றும் பேசாமல் என்னிடம் சொன்னார்: "அஞ்சு கடல் மைலுக்குள்ள இழுவைப்படகு வரக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. நேத்து ராத்திரி கரையில உக்காந்து எத்தனை வெளக்கு எண்ணினேன்னு சொல்றேன், எழுதிக்கிறியா?"

எண்ணிக்கையையும் சொன்னார். "இதில் அதற்குக் கட்டம் இல்லை அண்ணா" என்று நான் பதில் சொன்னேன். அது பதினான்கா, பதினேழா என்று இன்றைக்கு எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிர். இழுவைப்படகின் மடிவலைக்குள் நெடுநேரம் சிக்கினால் மூழ்கித்தான் சாகும். அதைத் தெரிந்து வைத்திருந்த நான்தான் அந்த எண்ணைத் தாளின் ஓரத்தில்கூடக் கிறுக்கி வைக்கவில்லை.

குடுவைக்காரன்:

கழிமுகவாசி சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெரியவரிடம் கேட்காதது குற்றம் என்று உருகுவதைவிட, படிவத்தை அமைத்தவரைக் கேள்வி கேட்பதே பயன் தரும். இனத்தின் பெயரும் அடர்த்தியும் கேட்காமல் 'உள்ளன / இல்லை' என்று மட்டும் கேட்கும் கட்டம் எந்த ஆற்றிலும் பொய்தான் சொல்லும். அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றைச் சேற்றில் வைத்து உள்ளே இருப்பதை எண்ணியிருந்தால் இரண்டாவது மாதமே உண்மை தெரிந்திருக்கும்.

இன்னொரு பிழையும் இருக்கிறது. ஞாயிறுதோறும் காலை எட்டு மணி என்கிறீர்கள். ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரம், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்துகிறது. ஏழு நாளில் அது ஆறு மணி நேரத்தை நெருங்கிவிடும். அப்படியானால் இந்த ஞாயிறு ஏற்றத்தில் எடுத்தால் அடுத்த ஞாயிறு வற்றத்தில் எடுக்கிறீர்கள். கழிமுகத்தில் ஏற்ற நீர் கடலுடையது, வற்ற நீர் ஆற்றுடையது. உப்புத்தன்மை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குவதைக் கண்டு ஆலைக் கழிவு என்று எழுதினால், வழக்கு என்று வரும்போது எதிர்த்தரப்பு வல்லுநர் ஐந்து நிமிடத்தில் சிரித்துத் தள்ளிவிடுவார். ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டு ஓதத்தைப் பின்பற்றுங்கள். நீரின் அமில, காரத்தன்மையை அளக்கும் பிஎச் கருவியை ஒவ்வொரு முறையும் பிஎச் 4, 7, 10 உள்ள கரைசல்களில் சரிபார்த்து அதையும் எழுதி வையுங்கள். கரைந்த ஆக்சிஜனைக் கரைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் ஊற்றிப் படகிலேயே நிலைப்படுத்த வேண்டும். உலோகங்களுக்கான நீரை அமிலத்தில் கழுவிய குடுவையில் எடுத்து, பிஎச் 2-க்குக் கீழே போகும்வரை நைட்ரிக் அமிலம் சேருங்கள். குடுவை யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்பது கையெழுத்தோடு இருக்க வேண்டும். தவறாக எழுதியதை ஒருபோதும் அழிக்காதீர்கள். ஒரு கோடு இழுத்து, தேதியிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள்.

என் கதை சிறியது. செத்து மிதந்த மடவை மீன்களுக்கு நடுவே குடிநீர்ப் புட்டியில் நீர் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். புட்டியைப் பார்த்ததும் திருப்பித் தந்துவிட்டார்கள்.

வாளி, கடலூர்:

குடுவைக்காரன் அண்ணே, நீருக்காவது ஓத நேரம் உண்டு. நாற்றத்துக்கு என்ன நேரம்?

2004-இல் கடலூர் தொழிற்பேட்டையைச் சுற்றிய ஊர்மக்கள் காற்றுக் கண்காணிப்பு தொடங்கிய காலம். 1995-இல் கலிபோர்னியாவில் உருவான வாளி முறைதான் அது. மூடியுள்ள நெகிழி வாளிக்குள் ஒரு பை இருக்கும். வாளிக் காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று பைக்குள் வந்து நிறையும். நாற்றம் உச்சத்தில் இருக்கும்போதே திறக்க வேண்டும். அழுகிய முட்டையா, அழுகிய முட்டைக்கோசா என்று பிரித்து எழுதவும் பழகினோம். உப்பனாற்றங்கரையில் ஒரு மீனவ அக்காள் நள்ளிரவில் ஆள் அனுப்பினார். மிதிவண்டியில் வாளியைக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் காற்று திரும்பிவிட்டது. வாசலில் இருமிக்கொண்டிருந்த பிள்ளையை மடியில் வைத்தபடி அவர், "இப்ப எதைப் பிடிக்கப் போற?" என்று கேட்டார். பை வெறுமையாகவே திரும்பியது. அந்த இரவு எந்தக் கணக்கிலும் இல்லை.

வலைக்குப்பம்:

நான் கட்டுமரத்தில் போய்வந்தவன். மகள் தட்டச்சு செய்து தருகிறாள். ஐம்பது நிமிடக் கணக்கைப் படித்துச் சிரித்தேன். பிறை பார்த்து நீர் ஏறுவதையும் வற்றுவதையும் என் ஆத்தாள் சொல்வாள். அவளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது.

ஒரு தன்னார்வலப் பெண் பிள்ளை காற்று எது என்று கேட்டது. வாடை என்றேன். கருவியைத் திருப்பிப் பார்த்து 'வடகிழக்கு' என்று எழுதிக்கொண்டது. நல்ல பிள்ளை, நானும் திருத்தவில்லை. வாடை என்று நான் சொன்னால் அதில் திசை மட்டும் இல்லை. அந்த மாதங்களில் நீரோட்டம் தெற்கே இழுக்கும் என்பதும், வடக்கே கொட்டியது எங்கள் வலையில் வந்து ஒட்டும் என்பதும் அதில் அடங்கும். தெற்கிலிருந்து சோழகக் காற்று வீசும்போது அதே கழிவு எங்களைவிட்டு வடக்கே போய்விடும். மூன்று மாதம் கழித்து அந்தப் பிள்ளை, "ஐயா, இப்போது அழுக்கு குறைந்துவிட்டதே, ஆலை திருந்திவிட்டதா?" என்று கேட்டபோதுதான், அன்றைக்கே திருத்தியிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

கழிமுகவாசி, எண்ணூர்:

குடுவைக்காரன் சொன்னபடி நேற்று அந்தப் படிவங்களை எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொன்றிலும் 'உள்ளன' என்பதன்மேல் கோடு இழுத்து, தேதியிட்டு, 'காக்கா ஆழி' என்று எழுதினேன். கை கொஞ்சம் நடுங்கியது. பெரியவர் அன்று சொன்ன வாக்கியத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் கடைசித் தாளின் பின்பக்கத்தில் அவர் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு ஏற்றம் எத்தனை மணிக்கு என்று இனி அவரைத்தான் கேட்க வேண்டும்.