பட்டியலில் இருக்கும், அடுக்கில் இருக்காது

நூலக வேலை என்று சொன்னதும் எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "உனக்கென்னம்மா, உட்கார்ந்து படிக்கிற வேலை." 14 வருஷமாகத் தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஸ்டேக் பகுதியை, அதாவது புத்தக ரேக்குகள் இருக்கும் இடத்தை, பார்த்துக்கொள்கிறேன். உட்காருவது மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும். காலையில் போனதும், முதல் நாள் திரும்பி வந்த புத்தகங்கள், மேசைகளில் விட்டுப்போனவை எல்லாவற்றையும் டிராலியில் எண் வாரியாக வைத்து, ரேக் ரேக்காகத் தள்ளிக்கொண்டு போய் அதனதன் இடத்தில் செருக வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கும். ஒரு இலக்கம் மாறினால் அந்தப் புத்தகம் தொலைந்த மாதிரிதான். கம்ப்யூட்டரில் "உள்ளது" என்று காட்டும். தேடி வந்த பிள்ளை அரை மணி நேரம் ரேக்கைச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு போகும்.

நூல்களுக்குப் பொருள் வாரியாக எண் கொடுக்கும் டூயி முறையில் தமிழ்ப் புனைகதைக்கு 894.8113. மலையாள இலக்கியத்துக்கு 894.812. புதிதாக வேலைக்கு வருபவர்கள் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படித்து, எட்டாயிரத்துச் சொச்சத்தை விட எண்ணூற்றுச் சொச்சம் சின்னதுதானே என்று மலையாளத்தைத் தமிழுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். நான் அகராதியை எடுத்துக் காட்டுவேன். 'கடலை' மூன்றெழுத்து, 'கடி' இரண்டெழுத்து. இருந்தும் அகராதியில் கடலைதானே முன்னால் வருகிறது? ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பது போல ஒவ்வொரு இலக்கமாகப் பார். இப்படிச் சொன்ன பிறகு யாரும் தப்பு செய்ததில்லை.

இதெல்லாம் கைத்தவறு. வேண்டுமென்றே இடம் மாற்றி வைப்பதும் உண்டு. தேர்வுக் காலம் வந்தால் அதிகமாகும். ஒரு வருஷம் இந்தியப் பொருளாதாரம் பற்றிய ரெஃபரன்ஸ் புத்தகம் ஒன்று, எங்களிடம் இருந்தது ஒரே பிரதி, மூன்று முறை காணாமல் போனது. மூன்று முறையும் கிடைத்த இடம் ஒன்றே: நிலவியல் பத்திரிகைகளின் பைண்டு வால்யூம்களுக்குப் பின்னால், கீழ்த்தட்டில், சுவரை ஒட்டி. அந்தப் பக்கம் ஆள் வந்தே பல மாதம் ஆகியிருக்கும். தட்டில் படிந்திருந்த தூசியில் கை பட்ட தடம் மட்டும் தெளிவாக இருந்தது. நான்காவது முறை புத்தகத்தை எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டு, எதிர் ரேக்கில் வேலை பார்ப்பது போல நின்றேன்.

சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். எம்.ஏ. இரண்டாம் வருஷம். கையைப் பின்னால் விட்டவள் என்னைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவ்வளவு கோபம். அவள் சொன்னதைக் கேட்டதும் கோபம் போய்விட்டது. "அக்கா, இதை வெளியே தரமாட்டீங்க. க்ளாஸ் முடிஞ்சு நான் வர்றப்ப யார் கையிலாவது இருக்கு. நாலே முக்கால் பஸ்ஸை விட்டா எங்க ஊருக்கு அப்புறம் ஏழரைக்குத்தான்." விடுதியில் இருக்கும் பிள்ளைகள் இரவு எட்டு வரை இருந்து படிக்கிறார்கள். பஸ்ஸில் வருபவளுக்கு நாளுக்கு அரை மணி நேரம்கூட இல்லை. அன்று மாலை உதவி நூலகரிடம் பேசினேன். ரெஃபரன்ஸ் புத்தகங்களை மாலை நாலரைக்குக் கொடுத்து மறுநாள் காலை பத்துக்குள் வாங்கிக்கொள்ள ஒரு தனி நோட்டுப் போட்டோம். அதற்குப் பிறகு நிலவியல் தட்டுக்குப் பின்னால் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளை நாங்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், இப்படிப் போகும். இரண்டாவது விதியில் வரும் அந்த 'ஒவ்வொரு' என்ற சொல்லுக்குள் நாலே முக்கால் பஸ்ஸும் அடக்கம் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

அடுத்தது நான் மறக்கவே முடியாத அனுபவம்.

ஸ்டாக் வெரிஃபிகேஷன், அதாவது இருக்க வேண்டிய புத்தகங்கள் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது, என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம் உண்டு. புத்தகம் குறைந்தால் நம் தலையில் விழும் என்ற பயம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் உண்மையில் அவ்வளவு கடுமை இல்லை. 50,000 நூல்களுக்கு மேல் உள்ள நூலகத்தில் மூன்று வருஷத்துக்குள் ஒருமுறை மாதிரி எடுத்துச் சரிபார்த்தால் போதும். வருஷத்தில் 1,000 நூல் புழங்கினால் 5 வரை போவதை, திருட்டோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை, இயல்பான இழப்பாக ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அரிய நூல் என்றால் விலை எதுவானாலும் விசாரணை உண்டு. அந்த பயத்தில் பழைய புத்தகங்களைப் பூட்டியே வைத்துவிடுகிறார்கள். பூட்டிய பீரோவில் இராமபாணப் பூச்சிக்குத்தான் கொண்டாட்டம்.

அப்படி ஒரு பீரோவைச் சரிபார்க்கும் முறை எனக்கு வந்தது. நூலகத்துக்கு வரும் புத்தகங்களை எண் போட்டுப் பதியும் அக்செஷன் ரெஜிஸ்டரில் எண்ணைப் பார்த்து டிக் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஒரு தடித்த பைண்டு, முதுகில் ஏதோ ஒரு பதிகத்தின் பெயர். பதிகத்துக்கு இவ்வளவு கனமா என்று திறந்தேன். பதிகம் எட்டே பக்கம். அதற்குப் பின்னால் மஞ்சளும் ரோஸுமாக மெல்லிய அட்டைகள், இன்னும் பதினாறு சின்னப் புத்தகங்கள். கொலைச் சிந்து, ரயில் விபத்து, வெள்ளக் கொடுமை என்று எல்லாம் பாட்டுப் புத்தகங்கள். சென்னையில் குஜிலி என்ற பழைய கடைத்தெருவில் அணாக் கணக்கில் விற்றவை. அந்தக் காலத்தில் யாரோ பத்திரமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ரெஜிஸ்டரில் எழுதியவர் முதல் புத்தகத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டார். மற்ற பதினாறும் நூலகத்துக்குள்ளேயே இருந்தும் இல்லாதவை. தினம் டீ நேரத்தில் இரண்டு மூன்றாகப் பெயர்களை என் நோட்டில் எழுதி வைத்தேன். பட்டியலில் சேர்க்கச் சொன்னதற்கு, ஒரு எண்ணுக்கு ஒரு பதிவுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று வருஷம் கழித்து ஓர் ஆய்வு மாணவர் வந்தார். 1924 காவிரி வெள்ளத்தைப் பற்றிய பாட்டுப் புத்தகங்கள் ஏதாவது உண்டா என்று கவுண்ட்டரில் கேட்டுக்கொண்டிருந்தார். பட்டியலில் எதுவும் வரவில்லை. தற்செயலாக அந்தப் பக்கம் டிராலியோடு போனேன். வெள்ளம் என்ற சொல் காதில் விழுந்ததும் என் நோட்டு ஞாபகம் வந்தது.

பைண்டை மேசையில் வைத்து, தாளை நானே புரட்டினேன். ஓரமெல்லாம் சுட்ட அப்பளம் போல உடையும். விரலால் தூக்கக் கூடாது, தாளுக்கு அடியில் அட்டையை விட்டுத்தான் புரட்ட வேண்டும். பதினோராவது புத்தகம். அவர் முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு உதடு அசைந்தது. இரண்டாவது பக்கத்தில் மெட்டோடு பாட ஆரம்பித்துவிட்டார், மெதுவாக, தாளத்துக்கு ஒரு விரல் மேசையில். எந்த ஊரில் எத்தனை வீடு போயிற்று, எந்தப் படித்துறை உடைந்தது என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. வாசிப்பறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 'சத்தம் போடாதீர்கள்' பலகைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார். நான் சும்மா இருக்கச் சொல்லவில்லை.

ஜெராக்ஸ் மெஷினில் அந்தத் தாளை அழுத்த முடியாது என்பதால் கேமராவில் எடுக்க அனுமதி வாங்கிக்கொடுத்தேன். அவர் போன பிறகு என் நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே போனேன். இந்த முறை ஒத்துக்கொண்டார்கள். எண் ஒன்றாகவே இருக்கட்டும், உள்ளடக்கக் குறிப்பில் பதினேழு பெயரும் வரட்டும் என்று. நானே தட்டச்சு செய்தேன். இப்போது எங்கள் பட்டியலில் 'வெள்ளம்' என்று அடித்தால் அது வருகிறது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

* * *

அக்கா, நான் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் சேகரிப்புப் பிரிவு உதவியாளர். இங்கே தமிழ்ப் புத்தகங்கள் குவிந்த கதை விசித்திரமானது. 1954-இல் வந்த பி.எல்.480 சட்டப்படி அமெரிக்கா இந்தியாவுக்குக் கோதுமை விற்றது, இந்தியா ரூபாயில் கொடுத்தது. அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் இந்தியப் புத்தகங்களை வாங்கி இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார்கள். ரேஷன் கோதுமைக்கு ஈடாக வந்த நாவல்களைத்தான் நான் தினமும் தொடுகிறேன்.

எங்கள் கிடங்கில் பொருள் வாரியாக அடுக்குவதே இல்லை. உயரம் வாரியாகத் தட்டில் நிற்கவைத்து, பார்கோடை மட்டும் நம்பி வைக்கிறோம். பத்து டிகிரிக் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தாள் நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டியலில் பிழை இருந்தால் ரேக்கில் உலாத்திக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவி மின்னஞ்சல் எழுதியிருந்தார். அறுபதுகளில் வந்த ஒரு வட்டார நூல் வேண்டும், உங்கள் பட்டியலில் கிடைக்கவில்லை என்று. இங்கே தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில்தான் ஏற்றியிருக்கிறார்கள். ழகரத்துக்கு அடிக்கோடிட்ட 'எல்', றகரத்துக்கு அடிக்கோடிட்ட 'ஆர்'. 'இசட் எச்' போட்டுத் தேடினால் வராது. நான் தேடி எடுத்தேன். முதல் பக்கத்தில் திருநெல்வேலிப் பதிப்பகத்தின் முகவரி, அந்தப் பெண் தினமும் கல்லூரிக்குப் போகும் தெரு. ஸ்கேன் செய்து அனுப்பியபோது அவர் எழுதிய பதில்: "அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை, அண்ணா."

* * *

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட வளாகம் 1974-இல் தொடங்கினது. நான் நூலகத்தில சேர்ந்தது போருக்குப் பிறகு. பழைய பதிவேடுகளில சிவப்பு மையால வெட்டின வரிகள் கனக்க இருக்கு. 1995 ஒக்டோபர் கடைசியில சண்டையால ஒரே இரவில ஊரே வெளிக்கிட்டது. அப்ப வெளியில இருந்த புத்தகங்கள் அப்பிடியே போயிட்டுது.

ஒரு நாள் வவுனியாவில இருந்து ஒரு அம்மா வந்தா. கையில துணிப்பை. அதுக்குள்ள பொலித்தீன் சுத்தின தாவரவியல் புத்தகம், எங்கட முத்திரையோட. "தம்பி, இடம்பெயரேக்க பைக்குள்ள வந்திட்டுது. சாவகச்சேரி, கிளிநொச்சி, முகாம் எண்டு எல்லா இடமும் கொண்டு திரிஞ்சன். அடுப்பெரிக்கக் கடதாசி இல்லாத நாளிலயும் இதைக் கிழிக்கேல்லை. தண்டம் எவ்வளவு எண்டு சொல்லுங்கோ, கட்டுறன்."

கடைசிப் பக்கத்துத் திகதித்தாளில் திருப்பித் தரவேண்டிய நாள் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. தண்டம் எடுக்கிறதில்லை எண்டு எங்கட பெரியவர் சொல்லிப்போட்டார். புது எண் போடச் சொல்லிச் சிலர் சொல்லிச்சினம். எனக்கு மனம் வரேல்லை. பதிவேட்டை எடுத்து, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில நீல மையால "வந்து சேர்ந்தது" எண்டு எழுதி, திகதி போட்டு, அந்த அம்மாவையே கையெழுத்து வைக்கச் சொன்னேன். பழைய எண்ணோடயே அது இப்ப தட்டில இருக்கு.