மழையில் 5 சீரிஸின் பின்பக்கம் நழுவுகிறது, எந்த டயர் போடலாம்?

வேளச்சேரிவாசி:
வணக்கம். கார் 2015 பி.எம்.டபிள்யூ 520டி (எஃப்10). நான்கு சக்கரத்திலும் 225 மி.மீ. அகல ரன்ஃப்ளாட் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்), அளவு 225/55 ஆர்17 97டபிள்யூ. வார இறுதியில் அடிக்கடி திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி போவேன். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து ஒரு தொந்தரவு. செங்கல்பட்டு தாண்டி மதுராந்தகம் போகும்வரை வலது லேனில் மீடியன் ஓரமாகத் தண்ணீர் நிற்கிறதே, அந்த இடங்களில் 85–90 வேகத்திலேயே பின்பக்கம் லேசாக நழுவுகிறது. டிஎஸ்சி (கார் நழுவாமல் கட்டுப்படுத்தும் அமைப்பு) விளக்கு மின்னி அணைகிறது. காய்ந்த ரோட்டில் ஒரு குறையும் இல்லை.

டயர் நாற்பதாயிரம் கி.மீ. கிட்ட ஓடிவிட்டது. ஆனால் வெளிப்பக்கம் அளந்தால் இன்னும் 4 மி.மீ. பள்ளம் இருக்கிறது. கடையில் மூன்று யோசனை சொல்கிறார்கள். 18 அங்குல அலாய் மாற்றி 245 அகல டயர் போடலாம், "அகலம் அதிகமானால் கிரிப் அதிகம்" என்று. அல்லது பின்னால் மட்டும் இரண்டு புதுசு. அல்லது ரன்ஃப்ளாட்டை விட்டுவிட்டுச் சாதாரண டியூப்லெஸ். எனக்கு மழைதான் முதல் கவலை, அப்புறம் சத்தம். வேகமாக ஓட்டுகிற ஆள் இல்லை.

ஏழாம்கியர்:
அகலத்தைக் கூட்டுங்கள் சார், யோசிக்கவே வேண்டாம். 245 போட்டால் கார் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போகும். பார்க்கவும் கெத்தாக இருக்கும்.

ரப்பர்மணி:
கெத்து சரி. காய்ந்த ரோட்டில் அவர் சொல்வது உண்மையும்கூட. தேங்கிய தண்ணீரில் கதை தலைகீழ். டயர் தனக்கு முன்னால் இருக்கிற தண்ணீரைப் பள்ளங்கள் வழியாகப் பின்னுக்கும் பக்கவாட்டிலும் தள்ள வேண்டும். அகலம் கூடினால் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடுகிறது. தள்ளி முடிப்பதற்குள் சக்கரம் அதன் மேல் ஏறிவிட்டால் ரப்பருக்கும் தாருக்கும் தொடர்பே இல்லை. அந்த நேரத்தில் டிஎஸ்சி, ஏபிஎஸ் எதுவும் உதவாது, அவை வேலை செய்வதற்கே பிடிமானம் வேண்டும். 225-ஐ விட்டு நகராதீர்கள்.

ஆனால் டயர் வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது காற்று. நாசா 1960களில் விமான டயர்களை வைத்துக் கண்டுபிடித்த ஒரு கணக்கு உண்டு. சக்கரம் முழுதாக மிதக்க ஆரம்பிக்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 32 பி.எஸ்.ஐ. என்றால் ஏறத்தாழ 94 கி.மீ. வேகம். 26-க்கு இறங்கிவிட்டால் 85. மொட்டை டயருக்கும் ஆழமான தண்ணீருக்குமான கணக்கு இது. பள்ளம் நன்றாக இருந்தால் வரம்பு மேலே போகும். ஆனாலும் நீங்கள் சொல்லும் வேகத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் காற்றின் மேல்தான் போனது. ரன்ஃப்ளாட்டின் சைடுவால் கெட்டி. காற்று குறைந்தாலும் வயிறு தள்ளாது, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது, பின் டயரின் உள்பக்கம். காரைத் தூக்கி, நான்கு நீளப் பள்ளங்களையும் தனித்தனியாக அளந்து போடுங்கள். வெளியே 4 இருந்தால் உள்ளேயும் 4 இருக்கும் என்று நம்ப வேண்டாம். இந்தக் காரின் பின்சக்கரம் உள்நோக்கிச் சற்றுச் சாய்ந்துதான் நிற்கும், உள்விளிம்புதான் முதலில் தேயும்.

நைட்டுசவாரி:
இன்னொன்று. உங்கள் திரையில் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக எண் காட்டுகிறதா, இல்லை "சரி" என்று மட்டும் வருகிறதா? சென்சார் இல்லாத கார்களில் சக்கரங்கள் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுத்தான் காற்று குறைந்ததைக் கண்டுபிடிக்கிறது. நான்கிலும் ஒரே அளவு மெல்ல இறங்கினால் அதற்குத் தெரியாது. காற்று குறைவாக இருக்கும்போது யாராவது ரீசெட் பண்ணிவிட்டால் அதையே சரியான அளவு என்று எடுத்துக்கொள்ளும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் இருக்கும். குளிர்ந்த டயரில் அந்த அளவு பிடியுங்கள்.

வேளச்சேரிவாசி:
பார்த்துவிட்டேன். திரையில் எண் வருவதில்லை. பின் இரண்டிலும் 27 இருந்தது, ஸ்டிக்கர் அளவுக்கு நன்றாகவே கீழே. உள்பக்கம் அளந்ததில் பின் வலது 2 மி.மீ. கூட இல்லை, பின் இடது 2.2. வெளியே பழையபடி 4. முன் டயர்கள் சீராக 3.5. காற்றை ஏற்றியதும் மழையில் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் முழுதாகப் போகவில்லை.

ஆக, பின்னால் மட்டும் இரண்டு போதுமா? ரன்ஃப்ளாட் கேள்வியும் அப்படியே நிற்கிறது. ஸ்டெப்னி வைக்க இந்தக் காரில் இடமே இல்லை.

கோவை_டயர்கடை:
தொழில் இதுதான், அதனால் விற்கிறவன் பேச்சு என்று நினைத்தாலும் பரவாயில்லை. சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், பள்ளத்துக்குள் இருக்கும் மேடு அந்த அளவைத்தான் காட்டுகிறது. மழைக்காலத்துக்கு அது போதாது. 3-க்கு வந்ததும் நான் மாற்றச் சொல்வேன். உங்கள் முன் டயரும் அடுத்த மழைக்குத் தாங்காது. நான்கும் ஒரே மாடலாகப் போட்டுவிடுங்கள். காசு இடிக்கிறது என்றால் இரண்டு மட்டும் போடலாம், புதுசு பின்னால்தான் போக வேண்டும். முன்பக்கம் நழுவினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் கைக்கு வந்துவிடும். பின்பக்கம் நழுவினால் வண்டி சுற்றிக்கொள்ளும், சாதாரண ஓட்டுநரால் பிடிக்க முடியாது.

ரன்ஃப்ளாட்டையும் சாதாரண டயரையும் கலக்காதீர்கள். நான்கும் இது, அல்லது நான்கும் அது.

ரன்ஃப்ளாட்டில் காற்று முழுதாகப் போனாலும் 80 வேகத்தில் 80 கி.மீ. ஓட்டலாம் என்பதுதான் பொதுக்கணக்கு. இரவில், கொட்டும் மழையில், குடும்பத்தோடு ரோட்டோரம் இறங்க வேண்டாம், அது பெரிய விஷயம். ஆனால் நம் ஊர் ரோட்டுக் குழிகளில் அந்தக் கெட்டி சைடுவால் இடியை ரிம்முக்குக் கடத்திவிடும். விலையும் அதிகம். 2020 ஜூனிலிருந்து புது டயர் இறக்குமதிக்கு உரிமம் வாங்க வேண்டும் என்றாகிவிட்டது. பி.எம்.டபிள்யூ அங்கீகரித்த, நட்சத்திரக் குறி போட்ட டயர் கேட்டால் சில அளவுகளுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவருக்குச் சாதாரண டயர், ஒரு பஞ்சர் கிட், 12 வோல்ட் பம்பு போதும் என்பேன். நீங்கள் இரவிலும் போவீர்களா?

வேளச்சேரிவாசி:
பெரும்பாலும் பகலில்தான் அண்ணே. டோல் உள்ள ரோடு, உதவி வண்டியும் வரும். சாதாரண டயருக்கே போகலாம் என்று நினைக்கிறேன். எந்த வகை?

ரப்பர்மணி:
டூரிங் வகை (சொகுசான நெடும்பயணத்துக்கானது) கேளுங்கள். மிஷலினில் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோனில் டுரான்சா, கான்டினென்டலில் பிரீமியம்கான்டாக்ட், இந்தக் குடும்பங்கள். ஸ்போர்ட் டயரும் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும்தான், ஆனால் சீக்கிரம் தேயும், சத்தமும் கூடும். உங்கள் ஓட்டுக்கு அது வீண்.

சைடுவாலில் மூன்று விஷயம் இருக்கும்: ட்ரெட்வேர் எண், ட்ராக்‌ஷன் எழுத்து, டெம்பரேச்சர் எழுத்து. ட்ராக்‌ஷனில் ஏஏ தான் உச்சம், ஏ-க்குக் கீழே எடுக்காதீர்கள். ட்ரெட்வேர் எண்ணைப் பார்த்து மட்டும் மயங்க வேண்டாம். நெடுநாள் உழைக்கிற ரப்பர் ஈரத்தில் பிடிமானத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ஐரோப்பிய லேபிள் ஒட்டி வந்தால் அதில் ஈரப்பிடிக்கு ஏ முதல் ஈ வரை தரம் உண்டு. இதில் எல்லாரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று: அந்தத் தரமும் ட்ராக்‌ஷன் எழுத்தும் நனைந்த ரோட்டில் பிரேக் பிடிப்பதைப் பற்றியவை. தேங்கிய தண்ணீரில் மிதப்பதைப் பற்றி அவை பேசுவதில்லை. உங்கள் தொல்லை இரண்டாவது. அதற்கு அகலமான நேர்ப்பள்ளங்கள் உள்ள டிசைனாகப் பாருங்கள். லேபிள் தரம் ஒன்றாக இருக்கும் இரண்டு டயருக்கு நடுவே நான் பள்ளத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவேன்.

97 என்பதற்குக் கீழே இறங்க வேண்டாம், ஒரு டயர் 730 கிலோ தாங்கும் என்று அர்த்தம். தயாரிப்புத் தேதி நான்கு இலக்கம்: 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடி என்று நீட்டுவார்கள், உஷார்.

ஏழாம்கியர்:
சரி சரி, 245-ஐ வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ரன்ஃப்ளாட்டிலிருந்து மாறினால் ஸ்டியரிங் முதலில் கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

வேளச்சேரிவாசி:
நான்கும் டூரிங், 225/55 ஆர்17 97டபிள்யூ, ட்ராக்‌ஷன் ஏஏ. மாட்டியாயிற்று. அலைன்மென்ட் எடுத்ததில் பின் வலது கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) அளவு வெளியே இருந்தது, சஸ்பென்ஷனில் ஒரு ஆர்ம் புஷ் (ரப்பர் மூட்டு) மாற்றி அளவுக்குள் கொண்டுவந்தார்கள். நேற்று நல்ல மழையில் மதுராந்தகம் வரை போய்வந்தேன். அதே இடங்களில் 80-இல் தண்ணீர் தெறிக்கிற சத்தம் மட்டும்தான், விளக்கு வரவில்லை. சத்தமும் குறைவு. அனைவருக்கும் நன்றி.

கோவை_டயர்கடை:
புஷ்ஷை மாற்றியதுதான் நல்ல வேலை, இல்லாவிட்டால் புதுசும் உள்பக்கம் அதே மாதிரி போயிருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஈரத்தில் நிதானமாகப் போங்கள், டயர் வார்க்கும் அச்சில் தடவும் பூச்சு மேலே ஒட்டியிருக்கும். மழையில் க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டாம்.

நைட்டுசவாரி:
காற்று பிடித்த கையோடு திரையில் ரீசெட் பண்ணினீர்களா? புது டயரின் சுற்றளவு பழையதிலிருந்து மாறியிருக்கும். ரீசெட் பண்ணாவிட்டால் ஒன்று சும்மா எச்சரிக்கை வரும், இல்லை வர வேண்டிய நேரத்தில் வராது.

வேளச்சேரிவாசி:
இல்லை, கடையிலும் சொல்லவில்லை. நாளைக் காலை டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பண்ணிவிடுகிறேன்.