வினிகர் காய் இரண்டே வாரத்தில் கொழகொழவென்று ஆகிவிடுகிறது, எங்கே தப்பு?

முதுநகர் மருமகள்:

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் சின்ன அளவில் வினிகர் காய் போட்டு அக்கம்பக்கம் கொடுத்து வருகிறேன். கேரட், பீன்ஸ், கோவைக்காய், வெள்ளரிப் பிஞ்சு, நாலு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய், கொஞ்சம் மிளகு, கடுகு. எண்ணெயும் இல்லை, மிளகாய்த் தூளும் இல்லை. மாமியார் புதுச்சேரிக்காரர், இது அவருடைய கைப்பக்குவம். குட்டி வெள்ளரியை இன்றைக்கும் கோர்னிஷோன் என்றுதான் சொல்வார்.

முன்பெல்லாம் ஃபிரிட்ஜில் வைத்துப் பத்து நாளில் தீர்த்துவிடுவோம். கடித்தால் நறுக்கென்று சத்தம் கேட்கும். ஆறு மாதமாகக் கொஞ்சம் விற்கவும் ஆரம்பித்ததால் பாட்டில்கள் வெளியிலேயே இருக்கின்றன. ஒரு தடவை ஏழெட்டு பாட்டிலின் மூடி உப்பிவிட்டது. பயந்துபோய், அதிலிருந்து பாட்டிலை நிரப்பி மூடி, பெரிய குண்டானில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க அரை மணி நேரம் வைக்கிறேன். மூடி உப்புவது நின்றது. ஆனால் காய் போச்சு. கேரட் சாம்பாரில் வெந்த மாதிரி, கோவைக்காய் நனைந்த பஞ்சு மாதிரி. பீன்ஸின் பச்சை போய் ஒரு மங்கிய நிறம். போன வாரம் வாங்கிய ஒரு அக்கா, "பல் இல்லாதவங்களுக்கு நல்லது" என்று சிரித்துவிட்டுப் போனார். சிரிப்புதான், ஆனால் மறுபடி வாங்கவில்லை.

என்ன செய்யலாம்?

கெடிலக்கரை:

படிகாரம் போடுங்க. எங்க வீட்டில் ஊறுகாய்க்கு ஒரு சிட்டிகை போடுவார்கள். இல்லையென்றால் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவையுங்கள், பூசணி மிட்டாய்க்குச் செய்வது மாதிரி. கல் மாதிரி நிற்கும்.

பாகூர் தம்பி:

அக்கா, உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறேன். படிகாரத்தையும் சுண்ணாம்பையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள், பிறகு வருகிறேன். முதலில் சில விவரம் வேண்டும். வினிகரும் தண்ணீரும் என்ன அளவு? வினிகர் பாட்டிலில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது? காயை முன்கூட்டியே வேகவைக்கிறீர்களா? எந்தத் தண்ணீர்? உப்பு எவ்வளவு? அப்புறம் அந்த உப்பிய பாட்டில்களை என்ன செய்தீர்கள்?

முதுநகர் மருமகள்:

ஒரு டம்ளர் வினிகருக்கு மூன்று டம்ளர் தண்ணீர். புளிப்பு அதிகமானால் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள். வினிகரில் 4 சதவீதம் என்று இருக்கிறது. காயை நறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுப்பேன். முன்பு அதுகூடச் செய்ததில்லை, சுத்தத்துக்காக ஆரம்பித்தது. தண்ணீரும் முன்பு வீட்டு போர் தண்ணீர்தான், பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். விற்பனைக்கு என்பதால் கேன் தண்ணீருக்கு மாறினேன். உப்பு டம்ளருக்கு ஒரு தேக்கரண்டி, மரக்காணம் கல் உப்பு. உப்பிய பாட்டிலைத் திறந்தேன், நுரைத்தது, கொட்டிவிட்டேன். ஒன்றை மட்டும் நாக்கில் வைத்துப் பார்த்தேன், புளித்த மாவு மாதிரி இருந்தது.

பாகூர் தம்பி:

இனிமேல் உப்பிய பாட்டிலை நாக்கில் வைக்காதீர்கள் அக்கா. திறக்கவே வேண்டாம், அப்படியே யார் கையும் படாமல் அப்புறப்படுத்துங்கள். வினிகர் காய்க்குப் பாதுகாப்பே அமிலம்தான். காயும் தண்ணீரும் கலந்து ஒன்றான பிறகு பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே போய், மூடிய பாட்டிலில் காற்றும் இல்லாமல் இருந்தால், பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடம் கிடைத்துவிடும். அதற்கு வாசனைகூட இருக்காது.

உங்கள் கணக்கைப் பாருங்கள். 4 சதவீத வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு என்றால் கரைசலில் 1 சதவீதம்தான். பாட்டிலில் பாதி காய். காய்க்குள் இருப்பதும் தண்ணீர்தானே, அமிலம் அதற்குள்ளும் பரவும்போது ஏறக்குறைய அரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். மூடி உப்பியதற்குக் காரணம் இதுதான். நீங்கள் அதைக் கொதிக்கவைத்துச் சரிசெய்யப் போனீர்கள். நோய் ஒன்று, மருந்து வேறு.

5 பங்கு வினிகருக்கு 3 பங்கு தண்ணீர் ஊற்றுங்கள். கரைசல் 2.5 சதவீதம் வரும். புளிப்பு தூக்கலாகத் தெரிந்தால் சர்க்கரையைக் கூட்டுங்கள், தண்ணீரைக் கூட்டாதீர்கள். பி.எச். பார்க்கும் காகிதப் பட்டை ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும், ஒரு கட்டு வாங்கி வையுங்கள். மூன்று நான்கு நாள் ஊறியதும், ஒரு துண்டு காயை நசுக்கி அந்தச் சாற்றில் பாருங்கள். கரைசலில் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

இனி மென்மைக்கு வருகிறேன். காயின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசை பெக்டின். ஐந்து நிமிடம் கொதிநீர், பிறகு பாட்டிலோடு அரை மணி நேரம் என்று இரண்டு முறை நீங்கள் அந்தப் பசையை அவிழ்க்கிறீர்கள். அதுவும் முதல் ஐந்து நிமிடம் வெறும் தண்ணீரில். புளிப்பே இல்லாத தண்ணீரில் பெக்டின் சீக்கிரம் உடையும்.

மூன்றாவது காரணம் தண்ணீர் என்று நினைக்கிறேன். பாத்திரத்தில் படிந்த அந்த வெள்ளையில் கால்சியம் இருக்கிறது. கால்சியம் பெக்டின் இழைகளுக்கு நடுவில் கொக்கி போட்டது மாதிரி நின்று பிடித்துக்கொள்ளும். கேன் தண்ணீரில் பெரும்பாலும் அது வடிகட்டப்பட்டிருக்கும். போர் தண்ணீருக்குத் திரும்பச் சொல்லவில்லை, அதில் இரும்பு இருந்தால் காய் கறுக்கும், சுத்தமும் கேள்விக்குறி. ஆனால் உங்கள் பழைய நறுக் சத்தத்தில் அந்தத் தண்ணீருக்கும் பங்கு இருந்திருக்கும்.

நெய்வேலிப் பாட்டி:

பேரப்பிள்ளை சொல்வது சரிதான். புளியை முதலில் ஊற்றிவிட்டால் கத்திரிக்காய் வேகாது என்று சமைக்கிற எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் காய் வெந்த பிறகு புளி ஊற்றுகிறோம். இங்கே வேகக் கூடாது, அப்படியானால் புளிப்பு முதலிலேயே இருக்கட்டும். ஆப்ப சோடா போட்டால் கீரை பச்சையாக இருக்கும், ஆனால் கூழாகிவிடும். நிறம் போகிறதே என்று அந்தப் பக்கம் போய்விடாதேம்மா.

பாகூர் தம்பி:

பாட்டி, நான் பக்கம் பக்கமாக எழுதியதை நீங்கள் ஒரு கத்திரிக்காயில் சொல்லிவிட்டீர்கள். நிறம் பற்றியும் அதேதான். அமிலம் பட்டால் பச்சையத்திலிருக்கும் மக்னீசியம் கழன்றுவிடும், ஆலிவ் நிறம் வரும். வினிகரில் போட்ட பீன்ஸ் பச்சையாகவே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். செம்புப் பாத்திரத்தில் வைத்தும் பச்சை வரவைப்பார்கள், அது உடம்புக்கு ஆகாது.

கெடிலக்கரை அண்ணன் சொன்ன சுண்ணாம்பு பழைய வழிதான், தப்பில்லை. ஆனால் சுண்ணாம்பு காரம், வினிகரின் அமிலத்தைத் தின்றுவிடும். ஊறவைத்த பிறகு நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்துக் கொட்டி, இப்படி மூன்று முறை கழுவ வேண்டும். அவசரத்தில் யாராவது ஒருமுறை விட்டுவிட்டால் ஆபத்து. பூசணி மிட்டாய்க்குச் சர்க்கரை காவல், இங்கே காவல் அமிலம்தான், அதையே குறைக்கக் கூடாது. படிகாரம் உப்பு நீரில் புளிக்கவிடும் வெள்ளரிக்கு உதவும். வினிகரில் நேராகப் போடும் காய்க்கு அதனால் பெரிய பலன் இல்லை.

வில்லியனூர் வாசி:

பாட்டிலை இப்போதும் சூடு பண்ண வேண்டுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க தம்பி.

பாகூர் தம்பி:

வெளியில் வைத்து விற்பதென்றால் வேண்டும், ஆனால் கொதி வேண்டாம். வெள்ளரி ஊறுகாய்க்கு நன்றாகச் சோதித்த முறை ஒன்று உண்டு. பாட்டில் நிற்கும் தண்ணீரை 82 முதல் 85 டிகிரிக்குள் 30 நிமிடம் வைப்பது. அதற்குக் கீழே இறங்கினால் நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும், 85ஐத் தாண்டினால் காய் தேவையில்லாமல் மென்மையாகும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, வெப்பமானி கட்டாயம். அமிலம் சரியாக இருக்கும் பாட்டிலுக்கு மட்டும்தான் இது. ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றிவிட்டு இதைச் செய்யாதீர்கள்.

ஐந்து நிமிடக் கொதிநீருக்குப் பதில் இன்னொன்று. கேரட்டையும் பீன்ஸையும் 60 டிகிரித் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வைத்துப் பாருங்கள். கேட்க விநோதமாக இருக்கும், மிதமான சூட்டில் காய் கெட்டியாகும். காய்க்குள்ளேயே பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. 55 முதல் 65 டிகிரிக்குள் அது சுறுசுறுப்பாகி, கால்சியம் பிடித்துக்கொள்ள இடம் திறந்துவிடும். நேரே கொதிநீரில் போட்டால் வேலையை ஆரம்பிக்கும் முன்பே செத்துவிடும். உணவுத் தரக் கால்சியம் குளோரைடு கிடைத்தால் கரைசலில் லிட்டருக்கு 1 கிராம் போதும், கூடினால் கசக்கும்.

வெள்ளரிப் பிஞ்சில் காம்புக்கு எதிர்ப்பக்கம், பூ உதிர்ந்த முனை இருக்கிறதல்லவா, அதை மெல்லியதாகச் சீவி எறியுங்கள். காயை மென்மையாக்கும் நொதிகள் அங்கேதான் தங்கும்.

பண்ருட்டி பலா:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். பலாப்பிஞ்சை நறுக்கி ஃப்ரீஸரில் வைத்தால் வெளியே எடுத்ததும் தண்ணீர் விட்டு நைந்துபோகிறதே, இதுவும் பெக்டின்தானா?

பாகூர் தம்பி:

இல்லை அண்ணா, அது பனிக்கட்டி. வீட்டு ஃப்ரீஸர் மெதுவாக உறையவைக்கும், பெரிய பெரிய படிகமாக உருவாகி செல் சுவரைக் கிழித்துவிடும். துண்டைச் சின்னதாக வெட்டி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்த பிறகு பையில் போடுங்கள், கொஞ்சம் குறையும். எடுத்ததும் உருகவிடாமல் நேரே குழம்பில் போடுங்கள்.

வில்லியனூர் வாசி:

அக்கா, விற்பதென்றால் எங்கள் பக்கம் குரும்பாப்பட்டில் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, உங்கள் மாவட்டத்துக்கு விருத்தாசலத்தில் ஒன்று. காய்கனி பதப்படுத்தும் பயிற்சி எப்போது என்று கேட்டுப் பாருங்கள். இழையில் படிப்பதும் கையால் செய்வதும் ஒன்றல்ல.

முதுநகர் மருமகள் (ஒரு மாதம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. காணாமல் போய்விட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். கையிலிருந்த பழைய பாட்டில்கள் அத்தனையையும் கொட்டிவிட்டேன், இருபத்திரண்டு. வயிறு எரிந்தது. காய் மென்மையானதற்காக இல்லை, அமிலக் கணக்கைப் பார்த்த பிறகு யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை.

எல்லாவற்றுக்கும் 5-க்கு 3 கணக்கில் கரைசல் வைத்து மூன்று விதமாகப் போட்டேன், ஒவ்வொன்றிலும் நாலு பாட்டில். முதல் விதம், பழையபடி ஐந்து நிமிடக் கொதிநீர், பாட்டிலும் அரை மணி நேரம் கொதி. இரண்டாவது, 60 டிகிரியில் அரை மணி, பாட்டில் 83 டிகிரியில் அரை மணி. மூன்றாவது, இரண்டாவதோடு கால்சியம்.

60 டிகிரிக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன், யாருக்காவது உதவும். கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் நம் ஊர் வெயிலுக்கு 65 பக்கம் நிற்கிறது. காயைப் போட்டதும் 60க்கு வந்துவிடுகிறது. மூடிபோட்டு மேலே ஒரு துண்டைச் சுற்றிவிட்டால் பெரிதாக இறங்கவில்லை. 83 டிகிரிதான் பாடாய்ப் படுத்தியது. அடுப்பைச் சிம்மில் வைத்தாலும் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. அரை மணி நேரமும் பக்கத்திலேயே நின்றேன், சின்னவன் கிண்டல் பண்ணினான்.

மூன்று வாரம் கழித்துத் திறந்தோம். முதல் விதம் முன்பைவிடப் பரவாயில்லை, ஆனால் மென்மைதான். இரண்டாவதில் கேரட் நன்றாக இருந்தது. மூன்றாவதில் கேரட்டும் பீன்ஸும் பழைய மாதிரி நறுக்கென்றன. பாட்டிக்குச் சொல்ல வேண்டும், முதல் விதத்தில் செய்முறை மாறவே இல்லை, புளிப்பு கூடியதுதான் வித்தியாசம். அதுவே இவ்வளவு பிடித்து நிறுத்துகிறது.

கோவைக்காய் மட்டும் எதிலும் சரிவரவில்லை. பிறகுதான் கவனித்தேன், வெட்டும்போது உள்ளே லேசாகச் சிவந்த காய்களையும் சேர்த்துவிட்டேன். உழவர் சந்தையில் காலையில் ஆறரைக்குப் போனால் பிஞ்சு கிடைக்கிறது, நான் போனது பத்து மணிக்கு. வெள்ளரியில் முனை சீவிய பாட்டிலும் சீவாததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடித்துப் பார்த்தோம். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு சரியாகச் சொல்லிவிட்டார்.

நசுக்கிய காயில் பட்டை 4-க்குக் கீழே காட்டுகிறது.

ஒரே ஒரு சந்தேகம். இரண்டு பாட்டிலில் பூண்டு நீலப்பச்சையாக மாறியிருக்கிறது. மயில்கழுத்து மாதிரி அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வாங்குகிறவர்கள் பயப்படுவார்களே.

பாகூர் தம்பி:

பூண்டிலிருக்கும் கந்தகச் சேர்மங்கள் அமிலத்தோடு சேர்ந்து செய்கிற வேலை அக்கா, சாப்பிடலாம். குளிர்ச்சியில் கிடந்த பூண்டில் அதிகமாக வரும், ஃபிரிட்ஜில் வைத்ததா?

முதுநகர் மருமகள்:

ஆமாம், ஃபிரிட்ஜில்தான் இருந்தது. நாளைக்கு வெளியில் தொங்குகிற பூண்டை உரிக்கிறேன்.